ஈரம் படாத இடம்

அந்த வருஷப் பெருவெள்ளத்தில் என் வீடு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டது. காலையில் மீன் பிடிக்க ஓடத்தில் போனவன் திரும்பி வந்து பார்த்தால் கால்மரங்கள் மட்டும் தண்ணீரில் நிற்கின்றன. வீடு கதவைச் சாத்திக்கொண்டு ஆற்றின் போக்கில் கண்ணியமாகப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது அது கடல் பக்கம் ஏதோ ஒரு கரையில் ஒதுங்கி ஜெபக்கூடமாக நடக்கிறது என்று கேள்வி. என்னோடு இருந்ததைவிட நல்ல வழிக்குப் போயிருக்கிறது. நான் குறை சொல்லவில்லை.

வீடு போனவன் தன் ஞானப்பிள்ளை இருக்கும் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். எங்கள் ஆற்றோர ஊரான போக்கா தோ மரிம்பாவில் அதுதான் முறை. என் ஞானப்பிள்ளை ஜுசிலேனி. ஞானஸ்நானத்தில் சாமியார் தண்ணீர் ஊற்றியபோது அவள் தலையைத் தாங்கிப் பிடித்தவன் நான். அந்த வகையில் அவள் அப்பன் ஓசியெலுக்கும் அம்மா எத்தெல்வினாவுக்கும் நான் கொம்பாத்ரி. எத்தெல்வினா எனக்குக் கொமாத்ரி. கூடப்பிறந்தவனை வாசலில் நிறுத்தலாம், கொம்பாத்ரியை நிறுத்த முடியாது. நான் படுக்கிற தூளியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடத்தை அவர்கள் ஜன்னலில் கட்டினேன். வாசல் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வெள்ளம் வந்தால் யாரும் ஓடுவதில்லை. ஓடுவதற்குத் தரை வேண்டும். தண்ணீர் தளத்தைத் தொட்டதும் பலகைகளைக் கழற்றி ஒரு முழம் உயர்த்தி மறுபடி அடிப்போம். இன்னும் ஏறினால் இன்னும் ஒரு முழம். தளம் உயரும், கூரை இருந்த இடத்திலேயே இருக்கும். மே மாதத்தில் ஓசியெல் வீட்டுக்குள் தலையைக் குனிந்து நடந்தான். அவன் குணம்கூட அப்போது கொஞ்சம் தேவலை என்றார்கள். ஜூனில் எல்லோரும் முழங்காலுக்கு வந்துவிட்டோம். படகில் வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த சாமியார், குடும்பமே முழந்தாளிட்டிருப்பதைக் கண்டு கண் கலங்கி, தான் இந்த ஊரைத் தப்பாக நினைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இடுக்குக்குள் நாங்கள் ஐந்து பேர். ஓசியெல், எத்தெல்வினா, மூத்தவன் வால்தெசி, இளையவள் ஜுசிலேனி, நான். கூடவே அடுப்பு, மரவள்ளி மாவு வறுக்கும் இரும்புத் தட்டு, கழற்றி வைத்த படகு மோட்டார், கோழிகள், குரைப்பதை மறந்துவிட்ட ஒரு நாய். ஒருவர் தும்மினால் ஐந்து பேரும் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எப்போதும் ஈர மரவாசனை, மீன்வாசனை, கூரைத் தகரத்தில் மழை. வெளியே பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே பழுப்புத் தண்ணீர்.

ஜுசிலேனிக்குப் பத்தொன்பது வயது. நகராட்சி நடத்தும் நர்ஸ் உதவியாளர் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு ஆற்றங்கரைப் பெண்கள் சிலரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் அவளும் ஒருத்தி. வருடக் கடைசியில் நகரத்தில் தேர்வு. தேறினால் அங்கேயே படிப்பு, பிறகு ஆஸ்பத்திரியில் வேலை, நிமிர்ந்து நிற்கக்கூடிய கூரை. தேறாவிட்டால் மீன், மாவு, பலகை. இதை அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பலகையை உயர்த்தும்போதும் கூரையை ஒரு பார்வை பார்ப்பாள்.

ஜூன் நடுவில் நகராட்சிக் கல்வி அலுவலகத்திலிருந்து தோனா மார்லூசி வந்தாள்; தோனா என்றால் அம்மணி. தானே மோட்டார்ப் படகை ஓட்டிக்கொண்டு, ஒரு பையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியுமாக. ஜன்னல் வழியே உள்ளே ஊர்ந்து வந்தாள்.

"நிமிந்து உக்கார எங்கயாவது எடம் இருக்கா?" என்றாள்.

"ஆகஸ்ட்டுல வாங்க தோனா, நிமிரலாம்," என்றான் ஓசியெல்.

அவள் சாமான்களைப் பலகையில் பரப்பினாள். "ஒவ்வொரு பொண்ணுக்கும் இதுல ஏதாவது ஒண்ணு. ஒண்ணுதான். எடுத்தப்புறம் மாத்த முடியாது. இது லேப்டாப். பாடம் எல்லாம் உள்ளயே இருக்கு, வீடியோவோட. இது இ-ரீடர். கலர் கிடையாது, படம் அசையாது. ஆனா ஒரு தடவ சார்ஜ் பண்ணா வாரக்கணக்கா வரும். இந்த ரெண்டுல எத எடுத்தாலும் வீட்டுலருந்தே படிச்சுட்டு, பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும். பெட்டியில இருக்கறது புஸ்தகம். முழு செட்டு."

"புஸ்தகம் எடுத்தாலும் வீட்டுலருந்தேதானே?" என்றாள் எத்தெல்வினா.

"எங்கருந்து வேணா படிக்கலாம். ஆனா ஈரம் படாத எடம் இருக்கணும். அத நான் கண்ணால பாத்துட்டுத்தான் குடுப்பேன். போன வருஷம் ஒரு வீட்டுல குடுத்தோம், புஸ்தகம் பூரா காளான் பூத்துப்போச்சு."

"என்ன காளான்? திங்கறதா?"

"அத நான் கேக்கல," என்றாள் தோனா மார்லூசி.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தாள். எழுந்தாள் என்றால், தவழ்ந்தாள். அதற்குள் மிதக்கும் புல்தீவு ஒன்று வந்து எங்கள் ஓடையின் வாயை அடைத்துவிட்டது. வெள்ளக் காலத்தில் கரைப்புல் வேரோடு கிளம்பி, சேர்ந்து சேர்ந்து ஒரு வயலாக ஆற்றில் வரும். இதில் ஒரு எருமை மேய்ந்துகொண்டிருந்தது. தான் பிரயாணம் செய்வது அதற்குத் தெரியாது. தோனா மார்லூசி படகை அதற்குள் விட்டுப் பார்த்தாள். மோட்டார் இறக்கையில் புல் சுற்றிக்கொண்டு இருமியது, நின்றது. அவளைக் கயிறு கட்டி இழுத்துவந்தோம்.

"எப்ப வழி விடும்?"

"தானா வெலகும். இல்லன்னா வெட்டணும்," என்றான் ஓசியெல். "மழ கொஞ்சம் நிக்கட்டும்."

மழை நிற்கவில்லை. இப்படியாக ஆறு பேரும், மூன்று விதமான படிப்பும், ஒரே கூரைக்குக் கீழே மாட்டிக்கொண்டோம்.

லேப்டாப் முதல் நாளே கைமாறியது. வால்தெசியிடம் ஒரு பென்டிரைவ் இருந்தது. அதில் கடந்த சில வருடத்துப் பந்தாட்டங்கள். அவன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "பாடம் ஓடுதான்னு டெஸ்ட் பண்றேன்," என்றான். டெஸ்ட் மூன்று ஆட்டம் நடந்தது. சத்தம் கேட்டு ஆற்று டால்பின்கள் ஜன்னலுக்கு வெளியே கூடின. இளஞ்சிவப்பு முதுகு ஏழெட்டு நான் எண்ணினேன். அவை வால்தெசியின் அணிக்கு எதிர் அணி. ஒவ்வொரு கோலுக்கும் தண்ணீரை ஊதிவிட்டு, தங்கள் அணி தோற்றதும் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்து போயின.

"அண்ணா, கொஞ்சம் குடு. உடற்கூறு வீடியோ பாக்கணும்," என்றாள் ஜுசிலேனி.

"இது முடியட்டும். எக்ஸ்ட்ரா டைம்."

"இது நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்த ஆட்டம். யார் ஜெயிச்சாங்கன்னு ஒனக்கே தெரியும்."

"தெரிஞ்சு பாக்கறதுலதான் நிம்மதி," என்றான்.

சார்ஜ் தீர்ந்ததும் மோட்டார் பேட்டரியில் மாட்டினான். அதுவும் தீர்ந்ததும் ஒரு மின்விலாங்கைப் பிடித்துவந்து வாளியில் விட்டு இரண்டு ஒயரைக் கடிக்கக் கொடுத்தான். பாதி வரை ஏறியது. அதற்கு மேல் விலாங்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கும் குடும்பம் இருக்கிறது. இதை நம்பாதவர்கள் வால்தெசியின் இடது கைச் சுண்டுவிரலைப் பார்க்கலாம், இன்னும் நேராக வரவில்லை.

மறுநாள் லேப்டாப்பின் கதகதப்பு நெருப்பெறும்புகளுக்கு எட்டிவிட்டது. வெள்ளத்தில் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பந்தாக மிதக்கும். ஒரு பந்து எங்கள் சுவரில் ஒதுங்கி, வரிசையாக ஏறி, விசைகளுக்கு நடுவில் குடித்தனம் வந்துவிட்டது. வால்தெசி ஒரு எழுத்தைத் தட்டினால் ஐந்து எறும்பு வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டது.

"இதுக்கு அலுவலகத்துல நான் பதில் சொல்லணும்," என்றாள் தோனா மார்லூசி, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு.

புத்தகங்களின் கதை வேறு. பெட்டியைத் திறந்து எத்தெல்வினா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவளுக்குப் பெயர் எழுதத் தெரியும், மீன் எடை படிக்கத் தெரியும். புத்தகத்தைக் கையில் வாங்கும்போது அவள் முகம், சந்தையில் வெண்கலப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்ப்பவள் முகம் போல இருந்தது. "கனமா இருக்கு," என்றாள், திருப்தியாக. ஆனால் எங்கள் காற்றில் புத்தகம் சும்மா இருக்காது. காலையில் மூடிவைத்தது சாயங்காலம் வாழைப்பூ மாதிரி தானாக விரிந்துகொண்டது. அட்டை ஒரு பக்கம் வளைந்தது, தாள் இன்னொரு பக்கம். அவள் அதைத் தன் பாவாடைத் துணியால் துடைத்துத் துடைத்து அடுப்பு ஓரமாக வைத்தாள். கலைச்சொல் அகராதியின் தாள் மெல்லியது, புகையிலை சுருட்ட ஏற்றது. கடைசி எழுத்துக்குரிய பக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அந்த எழுத்தில் ஆரம்பிக்கும் நோய் எங்கள் பக்கத்தில் யாருக்கும் வருவதில்லை.

இ-ரீடரை யாரும் சீண்டவில்லை. வால்தெசி ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "செத்துப்போன டிவி," என்றான். வீட்டில் அதற்குச் சிலேட்டு என்று பெயர் வந்தது. சிலேட்டை ஜுசிலேனி எடுத்துக்கொண்டாள். தூளிக்குள் படுத்து, இரண்டு ஓரத் துணியையும் முகத்துக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு படித்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று சுவர் இருந்தது அப்போது மட்டும்தான்.

"ஜுசி, அடுப்பப் பாரு."

தூளி பிரியும். அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

"ஜுசி, தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு, பாத்துட்டு வா."

பார்த்துவிட்டு வருவாள்.

"ஜுசி, அந்தக் கோழி என்ன பண்ணுதுன்னு பாரு."

"கோழி கோழியாத்தாம்மா இருக்கு."

மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம் எத்தெல்வினா மாவு வறுக்க உட்கார்ந்தாள். மரவள்ளி மாவை இரும்புத் தட்டில் கொட்டிவிட்டால் கை நிற்கக் கூடாது. நின்றால் அடியில் கருகிவிடும். புகை வெளியே போக இடமில்லாமல் கூரைக்கும் எங்கள் தலைக்கும் நடுவில் தங்கியது. எத்தெல்வினாவின் தோள் நோவு அவளுக்குப் பழையது. கொஞ்ச நேரம் துழாவியவள் துடுப்பை ஜுசிலேனியிடம் நீட்டினாள்.

"படிச்சிட்டிருக்கேம்மா."

"படி. யாரு வேண்டாம்னா? ஒரு கையில சிலேட்டு இருந்தா இன்னொரு கை சும்மாத்தான இருக்கு?"

ஜுசிலேனி இடது கையில் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் துழாவினாள். கண் எழுத்தில், கை தட்டில், வியர்வை மூக்கு நுனியில். ஓசியெல் பார்த்து அசந்துபோனான்.

"பாத்தியா எத்தெல்வினா, படிப்பும் நடக்குது, மாவும் வறுபடுது. லேசான சாமான். தளத்துக்கும் பாரம் இல்ல."

"இததான் நாங்க எல்லா மீட்டிங்குலயும் சொல்றோம்," என்றாள் தோனா மார்லூசி. "வேலை செஞ்சுக்கிட்டே படிக்கலாம்."

அந்த ஈடு மாவு கருகிவிட்டது. பக்கத்தைப் புரட்ட ஜுசிலேனிக்கு ஒரு கை வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே ஓசியெல் பேச்சை எடுத்தான். "கொம்பாத்ரி இருக்கறாரு. அவரு சொல்லட்டும்."

எங்கள் ஊரில் மூன்று விஷயத்தில் ஞானத்தகப்பன் வார்த்தைதான் கடைசி: பிள்ளையின் படிப்பு, பிள்ளையின் கல்யாணம், பேய் பிடித்தால் யாரிடம் கூட்டிக்கொண்டு போவது. பெற்றவர்களே மறுத்துப் பேச மாட்டார்கள். பேசினால் ஞானஸ்நானத்தையே திருப்பிக் கொடுத்த மாதிரி. ஓடை திறக்கும் அன்று சொல்கிறேன் என்றேன். அவசரப்படுவதில் எனக்கு லாபம் இல்லை. அது உடனே தெரிந்தது.

வால்தெசி ஒரு கட்டு நல்ல புகையிலையோடு வந்து பக்கத்தில் படுத்தான். "பெரியவரே, லேப்டாப்னு சொன்னா பாப்பாவுக்கும் நல்லது. ஒலகத்தையே பாக்கலாம்."

"எந்த ஒலகத்த? போன வருஷத்து செமி ஃபைனலையா?"

"அதுவும் ஒலகந்தான்."

ஓசியெல் என் தூளியை ஒழுகாத மூலைக்கு மாற்றிக் கட்டிவிட்டு, "லேசா இருக்கறது எதுவோ அது," என்று மட்டும் சொன்னான். அவனுக்கு எப்போதும் தண்ணீர்மட்டம்தான் கண்ணில்.

எத்தெல்வினா தம்பாக்கி மீன் தலையைச் சாறு வைத்து முழுசாக என் தட்டில் போட்டாள். அந்த வீட்டில் தலை ஓசியெலுக்குப் போவதுதான் வழக்கம்.

"கண்ணு ரெண்டும் உங்களுக்குத்தான் கொம்பாத்ரி."

"என்ன விசேஷம்?"

"விசேஷம் என்ன, தின்னுங்க." நான் ஒரு கண்ணைத் தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். "புஸ்தகம்னு சொல்லிடுங்க."

"ஏன், சிலேட்டுக்கு என்ன?"

"அத இடுப்புல சொருகிக்கிட்டு எந்தப் படகுலயும் ஏறிடலாம். லேப்டாப்பும் அப்படித்தான். அந்தப் பெட்டிய யாரு தூக்கறது? அதுபாட்டுக்கு இருந்த எடத்துல இருக்கும். படிப்புன்னா கனமா இருக்கணும்."

"அவ போகணும்னுதான கொமாத்ரி படிக்கறா?"

"படிக்கட்டும். போறத அப்புறம் பாக்கலாம். கன்னத்துச் சதைய விட்டுட்டீங்க, எடுங்க." சாறு ஊற்றினாள். பிறகு குரலை இறக்கினாள். அந்த வீட்டில் குரலை இறக்கினால் ஆறு பேருக்குப் பதில் ஐந்து பேருக்குக் கேட்கும். "ஒருத்தன் பந்து பாக்கறான். ஒருத்தன் தண்ணியப் பாக்கறான். இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கறது அவ ரெண்டு கைதான். அதுவும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க."

என் வாயில் மீன் இருந்தது.

ஆனால் மனதில் முடிவு செய்துவிட்டேன். யாருடைய மீனைத் தின்றாலும் ஞானப்பிள்ளைக்குத்தான் நான் பொறுப்பு. நாள் முழுக்க அவள் முகம் சிலேட்டில்தான் இருந்தது. சிலேட்டு என்று சொல்லிவிடுவதென்று இருந்தேன்.

மழை சற்று விட்ட காலையில், புல்லை வெட்டப் போவதாகச் சொல்லிக் கத்தியை எடுத்துக்கொண்டேன். ஜுசிலேனி துடுப்பை எடுத்துக்கொண்டாள். "ஆசி குடுங்க ஞானப்பா," என்று தினமும் கேட்பதைப் போலக் கேட்டாள். "சாமி ஒன்ன ஆசீர்வதிக்கட்டும்," என்றேன். ஓடம் புல் ஓரமாய்ப் போய் நின்றது. வீடு அங்கிருந்து நன்றாகவே தெரிந்தது. எத்தெல்வினா ஜன்னலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஓசியெல் மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வால்தெசி ஓட்டையடைக்கக் கூரைமேல் ஏறியிருந்தான். தோனா மார்லூசி, தலையை வெளியே நீட்டினால் மட்டுமே கழுத்தை நிமிர்த்த முடியும் என்று கண்டுபிடித்து, இன்னொரு ஜன்னலில் இருந்தாள்.

புல்லை வெட்டுவது கஷ்டமான வேலை. வேரைப் பிடித்துத் தூக்கினால் பாதி ஆறு கூடவே வரும். கீழே பாம்பு இருக்கும், மேலே கொசு. நான் வெட்ட, அவள் வெட்டியதைத் துடுப்பால் நீரோட்டத்தில் தள்ளிவிட்டாள்.

அவள் ஏதோ சொன்னாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

"என்ன?"

"ஓடை தெறந்ததும் நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு கேட்டேன்."

"சிலேட்டுதான். வேற என்ன?"

"அதச் சொல்லாதீங்க ஞானப்பா."

"என்ன?"

இன்னொரு தரம் சொன்னாள். நான் கத்தியை மடியில் வைத்தேன். "அதுலதான மூஞ்சிய வெச்சிட்டிருக்க?"

"இருக்கேன். எனக்குப் புடிச்சிருக்கு. அதுல எங்க வேணா படிக்கலாம்."

"அதனாலதான் சொல்றேன்."

"அதனாலதான் வேண்டாங்கறேன். எங்க வேணா படிக்கலாம்னா, இங்கயே படின்னு சொல்லிடுவாங்க. மாவு வறுத்துட்டே படி. மீன் கழுவிட்டே படி. பலகையத் தூக்கிட்டே படி. கையில இருக்கு, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகல, அப்புறம் என்ன கஷ்டம்பாங்க. நானும் படிச்சிட்டே இருப்பேன். பரீட்சையில ஒண்ணும் எழுத வராது."

"அப்ப லேப்டாப்பு."

"அது அண்ணனோடது. எறும்போடது. புஸ்தகம்னு சொல்லுங்க."

"என்ன?"

"புஸ்தகம். புஸ்தகம்னு சொல்லுங்க ஞானப்பா."

"அட, ஒங்கம்மா கேக்கறதும் அதத்தான். எதுக்குக் கேக்கறான்னு தெரியுமா? அது நகராதுன்னு."

"தெரியும். நகராது. ஆனா அத வெக்க இங்க எடம் எங்க இருக்கு? இன்னொரு தடவ தளத்த ஏத்தினா நமக்கே எடம் இல்ல. ஈரம் படாத எடத்தக் காட்டாம தோனா மார்லூசி குடுக்க மாட்டாங்க. நகரத்துல மேட்டுல இருக்கறது சொராய்தி அத்தை வீடு ஒண்ணுதான். புஸ்தகம் அங்க இருந்தா நான் இங்க இருந்து எப்படிப் படிக்கறது?"

சொராய்தி ஓசியெலின் அக்கா. தனிக்கட்டை. அவள் வீட்டுச் சுவரில் எந்த வெள்ளமும் கோடு போட்டதில்லை.

நான் எருமையைப் பார்த்தேன். எருமை என்னைப் பார்த்தது. இந்தப் பெண் பிறந்தபோது ஒரு ரொட்டி அளவுதான் இருந்தாள், இந்தக் கையில்தான் பிடித்தேன். இவ்வளவும் அந்தத் தலைக்குள் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒங்கம்மா பாவம்," என்றேன்.

"ஆமா," என்றாள். அதை மட்டும் ஒரே தரம் சொன்னாள், எனக்குக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு புல்லைத் தள்ளினாள்.

ஓடை மறுநாள் திறந்துகொண்டது. எருமை விடைபெறாமல் போய்விட்டது. எல்லோரும் பலகையில் வட்டமாக உட்கார்ந்தோம். உட்கார்ந்தால்கூட ஓசியெலின் உச்சந்தலை தகரத்தில் இடித்தது. தோனா மார்லூசி பையைக் கட்டித் தயாராக இருந்தாள். நான் காப்பியைக் குடித்து முடித்து, இன்னொரு குவளை கேட்டு வாங்கி, அதையும் குடித்து முடித்தேன்.

"எங்கப்பா காலத்துல," என்று ஆரம்பித்தேன், "இதவிடப் பெரிய வெள்ளம் வந்துச்சு. அப்ப ஒருத்தன் லேசான சாமான் எல்லாத்தையும் ஓடத்துல ஏத்தினான். காத்து அடிச்சுது, ஓடம் பறந்துபோய் மரத்து உச்சியில மாட்டிக்கிச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் எறங்கறதுக்கு அவனுக்கு ஒரு வருஷம் ஆச்சு. அந்த மரத்துலயே அவனுக்குக் கல்யாணம்கூட நடந்துச்சு. அதனால படிப்புன்னா கனமா இருக்கணும். புஸ்தகம்."

வால்தெசி பெருமூச்சு விட்டான், அவ்வளவுதான். சண்டை போடுவான் என்று நினைத்திருந்தேன். பாரம் பாரம் என்று அலட்டுகிற ஓசியெல், தலையைத் தடவிக்கொண்டு, "கொம்பாத்ரி சொன்னா சரி," என்றான்.

எத்தெல்வினா கண்ணை மூடித் திறந்தாள். "சரி," என்றாள். "நான் கேட்டதுதான்."

"அப்ப பெட்டிய எங்க வெப்பீங்க?" என்றாள் தோனா மார்லூசி. "எனக்குக் காட்டுங்க."

எல்லோரும் சுற்றிப் பார்த்தோம். பார்ப்பதற்கு அதிகம் இல்லை. எத்தெல்வினா மூலையைக் காட்டினாள். அங்கே சொட்டிக்கொண்டிருந்தது. உத்தரத்தைக் காட்டினாள். வால்தெசி தவழ்ந்து போய்க் கையால் தடவி, ஈர விரலைத் தூக்கிக் காட்டினான். அடுப்பு ஓரத்தைக் காட்டினாள். பலகை இடுக்கில் தண்ணீர் பளபளத்தது.

"அக்கா வீடு மேட்டுல இருக்கு," என்றான் ஓசியெல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

நான் எத்தெல்வினாவைப் பார்க்காமல் நாயைப் பார்த்தேன்.

"அப்ப பெட்டி சொராய்தி வீட்டுக்குப் போகட்டும்," என்றாள் எத்தெல்வினா.

"பெட்டி மட்டுமாம்மா?" என்றாள் ஜுசிலேனி. நன்றாகக் கேட்கும்படிதான் கேட்டாள்.

"பெட்டி தானாப் படிக்குமா?" என்றாள் எத்தெல்வினா. திரும்பி, வறுத்த மாவைத் தகர டின்னில் அள்ளிப் போட ஆரம்பித்தாள். அழுத்தி அழுத்திப் போட்டாள். அந்த டின்னில் அவ்வளவு மாவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

பெட்டியை ஏற்ற நாலு ஆள் தேவைப்படவில்லை. வால்தெசியும் ஓசியெலும் போதும். ஜுசிலேனி ஒவ்வொருவரிடமும் ஆசி கேட்டாள். அம்மாவிடம் வந்தபோது எத்தெல்வினா அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, ஏதோ அழுக்கைத் துடைப்பதைப் போலத் தேய்த்துவிட்டு விட்டாள். லேப்டாப்பைத் தோனா மார்லூசி ஒரு சாக்கில் போட்டு, கையை நன்றாக நீட்டித் தூரமாகப் பிடித்திருந்தாள். படகு கிளம்பியது. அது வளைவில் திரும்புமுன் ஜுசிலேனி படகில் எழுந்து நின்றாள். முழு உயரத்துக்கு. இரண்டு மாதமாக நாங்கள் அவளை அப்படிப் பார்க்கவில்லை. வளர்ந்திருந்தாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு குடும்பத்தையே கண்ணில் மண் தூவி ஏமாற்றியிருக்கிறேன், அதுவும் அவர்கள் மீனையே தின்றுவிட்டு. ஜன்னலோரம் புகையிலை சுருட்டிக்கொண்டு சிரித்தேன் போலிருக்கிறது.

"என்ன சிரிப்பு?" என்றாள் எத்தெல்வினா. மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல கொமாத்ரி. நீ கேட்டதத்தான சொன்னேன்னு நெனச்சேன்."

"ஆமா, சொன்னீங்க." ஒரு மீனை முடித்து அடுத்ததை எடுத்தாள். "கொம்பாத்ரி, நீங்க செவிடு. தெரியுமா?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றோம். ஒங்களுக்குக் கேக்கறதில்ல." சத்தமாகத்தான் சொன்னாள். இத்தனை நாளும் எல்லோரும் என்னிடம் ஏன் இவ்வளவு கோபமாகப் பேசுகிறார்கள் என்று நான் நினைத்திருந்தது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. "அன்னிக்குப் புல்லு வெட்டறப்ப அவ ஒங்க காதுல கத்துனா பாருங்க, எதிர்க்கர வரைக்கும் கேட்டிருக்கும். நான் இங்கதான் மீன் கழுவிட்டிருந்தேன். இவரு மோட்டார நிறுத்திட்டுக் கேட்டாரு. அவன் கூரை மேல சுத்தியலக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னான்."

"தோனா மார்லூசி?"

"அவங்களுந்தான். பாவம், எங்க பாக்கறதுன்னு தெரியாம வானத்தப் பாத்தாங்க."

புகையிலை அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைக்க எனக்குத் தோன்றவில்லை. வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உத்தரத்தைத் தடவிய வால்தெசியை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அக்கா வீட்டைச் சொன்ன ஓசியெலை.

"எல்லாம் தெரிஞ்சும் புஸ்தகம்தான்னு ஏன் நின்ன?"

எத்தெல்வினா கத்தியை வைத்தாள். தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"போடின்னு சொல்ல எனக்கு வாய் வரல கொம்பாத்ரி. புஸ்தகம்னு சொல்ல வந்துச்சு."

பின்னால் ஓசியெல் கூப்பிட்டான். தண்ணீர் பலகைக்கு மேலே வந்துவிட்டது. கோழிகளை உத்தரத்தில் ஏற்றிவிட்டு, ஆணிகளைக் கழற்றி, மூலைக்கொருவராக உட்கார்ந்தார்கள். ஒரு மூலையில் ஆள் இல்லை. எத்தெல்வினா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க," என்று கத்தினாள்.

பிடித்தேன். கனமாகத்தான் இருந்தது. பலகை ஒரு முழம் ஏறியது. நாங்கள் இன்னும் கொஞ்சம் குனிந்தோம்.